அந்த இடமும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டும்

இந்த வாரப் பக்கத்தை ஆபீஸில் படிப்பவர்கள், பக்கத்து சீட்காரர் டீ குடிக்கப் போன பிறகு படிக்கலாம். பஸ்ஸில் படிப்பவர்கள் பத்திரிகையைக் கொஞ்சம் மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிற பெரியவர் ஒருத்தர் எல்லா பஸ்ஸிலும் உண்டு. (பெரியவரே, இது உங்களுக்கும் உபயோகப்படும். அடுத்த வாரமாவது சொந்தக் காசில் வாங்குங்கள்.)

விஷயம் இதுதான்: ஆண்குறியில் வருகிற புற்றுநோய்.

பார்த்தீர்களா… உடனே கால்மேல் கால் போட்டுக்கொண்டீர்கள்!

தமிழ் எவ்வளவு வளமான மொழி! பூவுக்கு ஏழு பருவம் வைத்து, ஏழுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்தவர்கள் நாம். அப்படிப்பட்ட மொழியைப் பேசுகிற ஒரு ஆம்பிளை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் என்ன ஆகிறது?

"என்ன பிராப்ளம்?"

"புண்ணு மாதிரி இருக்கு டாக்டர்."

"எங்கே?"

"அங்கதான்."

"அங்கன்னா?"

"அதான் டாக்டர்… அங்க."

உடம்பிலேயே பெயர்ச்சொல் இல்லாமல் சுட்டுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற ஒரே உறுப்பு அதுதான். 'அங்க', 'கீழ', 'அந்த இடத்துல', 'யூரின் போற இடத்துல'. அறையில் ஒரு நர்ஸம்மா நின்றால் அதுவும் கிடையாது. "வயித்து வலி டாக்டர்" என்று சொல்லிவிட்டு, இல்லாத வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய வீரர்கள் இருக்கிறார்கள்.

சிரிக்கிற சமாச்சாரம்தான். ஆனால் இந்த ஒரு நோயில், அந்த வெட்கத்துக்கு மாசா மாசம் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. வட்டி முற்றினால் அசலே போய்விடும். அசல் எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

*

முதலில் கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்தவனுக்குக் கணக்கில்லாமல் பேச வராது.

2020-ம் வருஷம் உலகம் முழுக்க இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 36,000 பேர். மார்பு, நுரையீரல், வாய் என்று மற்ற புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது சில்லறைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சம் ஆண்களில் ஒருவருக்கு வந்தால் அதிகம். ஆனால் அந்த 36,000-ல் பத்தாயிரத்துக்கும் மேல் இந்தியாவில்! வேறெந்த நாட்டையும்விட நம்மிடம்தான் எண்ணிக்கை ஜாஸ்தி. ஒலிம்பிக்ஸில் கிடைக்காத முதலிடம்.

காரணங்கள் என்னென்ன? முன்தோல் பின்னால் போகாமல் இறுக்கமாக இருப்பது ஒன்று. அதனால் உள்ளே சுத்தம் செய்ய முடியாமல், அழுக்கு தேங்கி, தோல் வருஷக்கணக்கில் புண்ணாகிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொடுக்கிற அதே ஆசாமி. ஆண்குறிப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த வைரஸின் கைரேகை கிடைக்கிறது. மூன்றாவது, சிகரெட். 'புகையை நெஞ்சுக்குள்ளேதானே இழுக்கிறேன், அங்கே எப்படிப் போகும்?' என்று கேட்கிறவர்களுக்கு: ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் புகையின் விஷமும் போகும். ரத்தம் அங்கே போகாவிட்டால் உங்களுக்கே கவலையாக இருக்கும் இல்லையா?

ஆரம்பத்தில் இது எப்படி இருக்கும் என்பதுதான் முக்கியம். சினிமாவில் வருகிற மாதிரி ரத்த வாந்தியெல்லாம் கிடையாது. மொட்டுப் பகுதியிலோ முன்தோலின் உள்பக்கத்திலோ ஒரு சிவப்புத் திட்டு. வெல்வெட் துணி மாதிரி, பளபளவென்று. அல்லது ஆறவே ஆறாத சின்னப் புண். அல்லது மரு மாதிரி ஒரு தடிப்பு. முன்தோலுக்கு அடியிலிருந்து நாற்றத்தோடு கசிவு. பெரும்பாலும் வலியே இருக்காது. அதுதான் இந்த நோயின் சாமர்த்தியம். பல் வலித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிற நாம், வலிக்காத எதையும் மறுநாளைக்கு ஒத்திப்போடுகிறவர்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே பாத்ரூமுக்கு ஓடி, டார்ச் அடித்துப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே வருகிற சிவப்பில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பூஞ்சைத் தொற்று, அலர்ஜி, சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி வருகிற அழற்சி… இவைதான் அதிகம். (சர்க்கரை இருப்பதையே இதை வைத்துத்தான் பலருக்குக் கண்டுபிடிக்கிறார்கள்.) ஆனால் எது எது என்று கண்ணால் பார்த்து நீங்களும் சொல்ல முடியாது, மெடிக்கல் ஷாப்பில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பையனும் சொல்ல முடியாது. துளியூண்டு சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற பயாப்சிதான் சொல்லும்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு ஓரத்தில் தள்ளி வைப்போம். தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. வருஷக் கணக்கு முடிவதற்குள் அது என்னவென்று கண்டுபிடித்து, உரிய இடத்தில் சேர்த்து, சஸ்பென்ஸைப் பூஜ்யமாக்கியே ஆக வேண்டும். ஆண்கள் அந்தச் சிவப்புத் திட்டை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவதோடு சரி. வருஷக் கணக்கை முடிப்பதே இல்லை.

*

ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? வெட்கம் பாதி. மீதிப் பாதி பயம். 'புத்துநோய்னு சொல்லிட்டா அறுத்துருவாங்க!'

இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஏனென்றால் அதற்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது. ரொம்ப காலம் அப்படித்தான் செய்தார்கள். கட்டி தெரிகிற இடத்திலிருந்து 2 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு விதி. வயிற்றிலோ தொடையிலோ 2 சென்டிமீட்டர் என்றால் யாருக்கும் கவலையில்லை. இங்கே 2 சென்டிமீட்டர் என்பது… ஸ்கேல் எடுத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன நிலத்தில் ரோடு அகலப்படுத்துகிற கதை.

இந்த விதியை அசைத்தவர்களில் முக்கியமானவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? லண்டனில் இல்லை, நியூயார்க்கில் இல்லை. நம்ம புதுச்சேரியில்! ஜிப்மர் டாக்டர்கள், இந்த ஆபரேஷன் ஆன 64 பேரிடமிருந்து அகற்றிய பகுதிகளை எடுத்து, துண்டு துண்டாக மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற கட்டியின் விளிம்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் புற்றுநோய் நிஜமாக எவ்வளவு தூரம் போயிருக்கிறது? சாதுவான ரகங்களில் அதிகபட்சம் 5 மில்லிமீட்டர். முரட்டு ரகத்தில்கூட 10 மில்லிமீட்டர். அவ்வளவுதான்! 2000-ம் வருஷம் பிரிட்டிஷ் யூராலஜி பத்திரிகை ஒன்றில் இதைப் பிரசுரித்தார்கள். 'எல்லோருக்கும் 2 சென்டிமீட்டர் தேவையே இல்லை' என்று இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் பேசும்போது, இந்தப் புதுச்சேரிக் கணக்கை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் சனி ஞாயிறு புதுச்சேரிக்கு வண்டி கட்டுகிற இளைஞர் சமுதாயம், அந்த ஊருக்கு நன்றி சொல்ல இன்னொரு காரணமும் கிடைத்தது.

*

மில்லிமீட்டர் கணக்கு என்று ஆன பிறகு, கத்தியைவிட நுணுக்கமான ஆயுதம் வேண்டாமா? அதுதான் லேசர்.

லேசர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது, வில்லன் ஆளைக் கட்டிப்போட்டு, சிவப்பு ஒளிக்கற்றையைக் காலிடுக்கை நோக்கி மெதுவாக நகர்த்துகிற காட்சி. நல்லவேளை, ஆஸ்பத்திரி லேசர் வேறு ஜாதி.

1917-ல் ஐன்ஸ்டீன் காகிதத்தில் போட்ட ஒரு கணக்குதான் லேசருக்கு விதை. 1960-ல் மைமன் என்கிற அமெரிக்கர் முதல் லேசரைச் செய்து காட்டினார். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கார்பன் டையாக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்து, புனேயில் இன்ஜினீயரிங் படித்துவிட்டுப் போனவர். நாம் மூச்சில் வெளியே விடுகிற, சோடாவில் நுரைக்கிற அதே வாயுவை வைத்துத்தான் லேசர்! இன்றைக்கும் தொழிற்சாலைகளிலும் ஆபரேஷன் தியேட்டர்களிலும் வேலை செய்கிறது.

இந்த லேசருக்கு ஒரு குணம். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்த்தால் அப்படியே உறிஞ்சப்பட்டுவிடும். நம் சதையில் முக்கால்வாசி தண்ணீர்தானே? ஒளி பட்ட இடத்துத் தண்ணீர் ஒரு நொடிக்குள் கொதித்து ஆவியாகிவிடுகிறது. அந்த செல்லும் கூடவே ஆவி. அதற்குக் கீழே இருக்கிற செல்லுக்கு விஷயமே தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்தான் போகும். தோசைக்கல்லைச் சுரண்டாமல், ஒட்டின மாவை மட்டும் எடுக்கிற கை அது.

இன்னொரு லேசர், நியோடிமியம் யாக். இதுவும் அதே 1964-ல், அதே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. தண்ணீர் இதை அவ்வளவு சுலபமாகத் தடுக்காது. அதனால் நாலைந்து மில்லிமீட்டர் வரை உள்ளே போகும். ஆவியாக்காது, வேகவைக்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாகுமே, அந்த மாதிரி. வெந்த சதை பிறகு மெதுவாக உதிர்ந்து, புதுத் தோல் வளரும். ரத்தமும் அதிகம் வராது.

மேலாக இருப்பதற்கு முதலாவது, கொஞ்சம் ஆழத்துக்கு இரண்டாவது. சில இடங்களில் இரண்டையும் சேர்த்தே உபயோகிக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வேடிக்கை உண்டு. சந்தேகப்படுகிற இடத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுகிறார்கள். அதாவது நூடுல்ஸ் கடையில் மிளகாயோடு பாட்டிலில் வைத்திருக்கிறார்களே, வினிகர், கிட்டத்தட்ட அதேதான்! கெட்டுப்போன செல்கள் இருக்கிற இடம் சில நிமிஷத்தில் வெள்ளையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கு ஒரு திட்டுதான் தெரிந்தது, வினிகர் பட்டதும் பக்கத்திலேயே இன்னொன்று தெரிகிறது என்பதெல்லாம் உண்டு. பிறகுதான் லேசர். (வீட்டில் நீங்களே சமையலறை பாட்டிலை எடுத்துப் பரீட்சை பண்ணக் கூடாது. சாதாரணப் புண்கூட வெள்ளையாகும். எரிச்சல் மட்டும் உங்களுக்கு மிச்சம்.)

மயக்க மருந்தோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிற ஊசியோ போட்டு முடித்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தையல் கிடையாது, புண் தானாகவே ஆறும். முதல் லேசர் என்றால் மூன்று, நான்கு வாரம். இரண்டாவது என்றால் இரண்டு, மூன்று மாசம். முடிந்த பிறகு உறுப்பு அதே இடத்தில், ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும். நின்றுகொண்டு சிறுநீர் போகலாம். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது, அறுவை ஆனவர்களில் சிலருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று.

*

இதுவரை வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தை மறைத்தால் அது விளம்பரம், கணக்கில்லை.

ஸ்வீடனில் ஒரெப்ரு என்று ஒரு ஊர். அங்கே டாக்டர்கள் 1986 முதல் 2000 வரை 67 பேருக்கு இரண்டு லேசரையும் சேர்த்து வைத்தியம் செய்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 67 பேரில் 13 பேருக்கு அதே உறுப்பில் நோய் திரும்ப வந்தது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடங்களில் இதைவிடக் குறைவாகவும் பார்த்திருக்கிறார்கள், அதிகமாகவும் பார்த்திருக்கிறார்கள். உறுப்பையே எடுத்துவிட்டால் இந்த அளவுக்குத் திரும்பி வராதுதான். 'அப்ப எதுக்கு சார் லேசர்?' என்கிறீர்களா? அந்த உறுப்பிலேயே திரும்பி வருவதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் மறுபடி வைத்தியம் செய்யலாம். அதனால் உயிருக்கு வருகிற ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவேதான் உறுப்பைக் காப்பாற்ற நினைக்கிறார்கள்.

ஆனால் 'சீக்கிரம்' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். லேசர் முடிந்ததும் டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடுகிற ஆளுக்கு இது ஒத்துவராது. முதல் இரண்டு வருஷம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, அடுத்த மூன்று வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். நடுவில் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் தவணை மாதிரி. ஒன்றைத் தவறவிட்டாலும் சிக்கல்தான்.

அதே ஒரெப்ரு டாக்டர்கள் இன்னொன்றும் செய்தார்கள். வைத்தியம் முடிந்தவர்களில் 46 பேரை நேரில் உட்காரவைத்து, 'தாம்பத்தியம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்கள். சுமார் பாதிப் பேர் திருப்தி என்றார்கள். பாதிதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பெரும்பாலும் நடுவயசு தாண்டியவர்கள், புற்றுநோயைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது, மற்ற ஸ்வீடன்காரர்கள் எவ்வளவு திருப்தியோ அவ்வளவு திருப்தி இவர்களுக்கும் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான செலவுப் பக்கம் இது: லேசர் ஆரம்பத்துக்கு மட்டும்தான். தோலின் மேல்மட்டத்தில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும்வரைதான். உள்ளே ரத்தம் நிரம்புகிற திசு இருக்கிறதே, அதற்குள் நோய் இறங்கிவிட்டால் லேசர் கையை விரித்துவிடும். தொடை இடுக்கில் நெறிக்குப் பரவிவிட்டால் அப்புறம் பேச்சு உறுப்பைப் பற்றி இல்லை, உயிரைப் பற்றி. எந்த ஸ்டேஜில் போய் நிற்கிறோம் என்பதை முடிவு பண்ணுவது டாக்டரோ மெஷினோ இல்லை. முதல் திட்டுக்கும் முதல் டாக்டருக்கும் நடுவில் நாம் கழிக்கிற நாட்கள்.

ஸ்வீடன் மாதிரி ஊரிலேயே, கூச்சமில்லாமல் எதையும் பேசுகிறவர்கள் என்று நாம் நினைக்கிற ஊரிலேயே, பலர் ஆறு மாசத்துக்கு மேல் மூடி மறைத்துவிட்டுத்தான் வந்தார்களாம். அப்புறம் நம்ம ஊரைக் கேட்பானேன்?

*

நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதப் போன ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருத்தர். எல்லோருக்கும் அண்ணே. 48 வயசு. ஒரு ஆணி குறைந்தால்கூட மூணாவது நாள் கண்டுபிடித்துவிடுவார். அவர் சொன்ன கதை இது. "எழுது தம்பி, பேர் மட்டும் போட்றாத" என்றார். ஊர்ப்பேரும் போடவில்லை.

அண்ணனுக்கு முன்தோல் சின்ன வயசிலிருந்தே பின்னால் போகாது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். யாரிடம் கேட்பது? 'உங்களுக்கு எப்படி சார்?' என்று கேன்டீனில் விசாரிக்கிற விஷயமா? ஒருநாள் அடியில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. கொஞ்சம் கசிவு. மெடிக்கல் ஷாப்பில் 'படைக்கு' என்று சொல்லி ஒரு ஆயின்மென்ட் வாங்கினார். குறைந்த மாதிரி இருந்தது. இன்னொரு ட்யூப். அப்புறம் லாட்ஜில் ரூம் போட்டு வாரம் ஒரு ஊரில் உட்காருகிற ஒரு வைத்தியரிடம் போனார். அவர் நாடி பார்த்து, "வாலிபத்துல செஞ்ச தப்பு" என்று சொல்லி, லேகியம் கொடுத்து அனுப்பினார். அண்ணன் செய்யாத தப்புக்குக் குற்றவுணர்ச்சியோடு அதையும் சாப்பிட்டார்.

இதற்குள் எட்டு மாசம். வீட்டில் முதுகுவலி என்று சொல்லித் தரையில் தனியாகப் படுக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணி வேறு மாதிரி நினைத்தார். நினைக்கத்தானே செய்வார்?

காட்டிக்கொடுத்தது லுங்கி. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு கர்சீப்கூடத் துவைத்தறியாத மனுஷன், விடியற்காலையில் எழுந்து தன் லுங்கியைத் தானே துவைத்துக் காயப்போடுகிறார்! அண்ணி நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கதவைச் சாத்திவிட்டு, "யார் அவ?"ன்னு கேட்டார். அண்ணன் வாயில் வார்த்தை வரவில்லை. லுங்கியை அவிழ்த்துக் காட்டிவிட்டு அழுதுவிட்டார்.

"அடப்பாவி மனுஷா, இதுக்கு அவளே பரவாயில்லியே!" என்று அண்ணியும் அழுதிருக்கிறார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. அங்கே கூச்சமில்லாமல் பேசியது அண்ணிதான்.

பயாப்சி வந்தது. ஆழமாகப் போய்விட்டது. முன்பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, நெறிக்குப் போகவில்லை. ஆறு வருஷமாகிறது, அண்ணன் திடமாக இருக்கிறார், ஆணியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"ஆபரேஷன் முடிஞ்சப்புறம் டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன் தம்பி. மொத மாசமே வந்திருந்தா லேசர்ல முடிஞ்சிருக்குமான்னு. 'இருக்கலாம். இப்ப அதை யோசிக்காதீங்க'ன்னார்."

"யோசிக்கிறீங்களாண்ணே?"

"அறுத்ததுகூட ஆறிப்போச்சுடா. அந்த 'இருக்கலாம்' இருக்கு பாரு… அதான் ஆறல."

*

ஆகவே, மகாஜனங்களே, பட்டியல் இதோ. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். (இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை உபயோகித்ததற்கு மன்னிக்கவும்.)

முன்தோலைப் பின்னால் தள்ளி, வெறும் தண்ணீரில் தினம் கழுவுங்கள். குளிக்கும்போது அரை நிமிஷம். அப்படியே ஒரு பார்வையும் பாருங்கள். தலைமுடியில் ஒரு நரை வந்தால் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்கிறோமே!

முன்தோல் பின்னால் போகவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள். சின்ன விஷயம். க்ரீமிலேயே சரியாகலாம், இல்லாவிட்டால் சின்ன ஆபரேஷன்.

சிகரெட்டை விடுங்கள். ஏற்கெனவே ஆயிரம் காரணம் இருந்தது. இது ஆயிரத்தி ஒண்ணு.

ஹெச்.பி.வி. தடுப்பூசி பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புனேயில் தயாராகும் செர்வாவாக் ஊசிக்கு 2022-ல் கிடைத்த அனுமதி, 9 முதல் 26 வயசு வரை ஆண் பெண் இருபாலருக்கும்தான். உங்கள் வயசு தாண்டியிருந்தால், வீட்டில் பையன் இருப்பான்.

திட்டோ, புண்ணோ, தடிப்போ நாலு வாரத்தில் போகவில்லையென்றால் யூராலஜிஸ்ட்டிடமோ தோல் டாக்டரிடமோ போங்கள். லேசர் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்காக உட்கார்ந்துவிட வேண்டாம். ஆரம்ப நிலையில் உறுப்பைக் காப்பாற்ற வேறு வழிகளும் உண்டு: தடவுகிற மருந்து, முன்தோலை மட்டும் எடுப்பது, மொட்டின் மேல்தோலை மட்டும் உரித்து எடுத்துவிட்டுத் தொடைத்தோலை ஒட்டுவது, உள்ளே ஊசிகள் பொருத்திக் கதிர்வீச்சு கொடுப்பது. எது உங்களுக்கு என்பதைப் பயாப்சி முடிவு பண்ணட்டும். சென்னை அடையாறில் கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-லிருந்து இருக்கிறது. 'உறுப்பைக் காப்பாத்த முடியுமா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, ரிசப்ஷனில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். "என்ன பிராப்ளம் சார்?" என்று பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பார். அதற்குத்தானே இத்தனை பேர் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறார்கள்? அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் மூன்றே வார்த்தை. இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

"டாக்டர்கிட்ட சொல்றேன் மேடம்."

அவ்வளவுதான். டோக்கனை வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.